புளோரன்ஸ் நகரும் கம்பளித் தொழிலாளரும்

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோரிற் பெரும்பாலார் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தங்குவதில்லை. இத்தகைய குறுகிய உலாவுக்கு இத்தாலியின் புளோரன்ஸ் நகரைப் போல வாய்ப்பானது வேறில்லை என்பது பயணக் கையேடுகளின் ஒருமித்த கருத்து. அக்கருத்துப் பொய்யன்று. ஆர்னோ ஆற்றின் கரையிலே, ஒருவர் கால்நடையாகவே சென்று காணக்கூடிய சிறு பரப்புக்குள், செந்நிறக் குவிமாடம் கவிந்த பேராலயமும், கோட்டை போன்ற ஆட்சி மாளிகையும், கடைகள் நிறைந்த பழைய பாலமும், உலகப் புகழ் பெற்ற ஓவியக் கூடங்களும் நெருங்கி அமைந்திருக்கின்றன. நகரின் பழைய பகுதி முழுவதையும் 1982 இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. முதல் நாள் பேராலயம், இரண்டாம் நாள் ஓவியக் கூடம், மூன்றாம் நாள் பாலமும் கடைத்தெருவும் என்பது பயணிகளிடையே எழுதாச் சட்டமாக நிலவுகிறது.

இவ்வழகெல்லாம் எவ்வாறு தோன்றியது என்று வினவினால், பயணக் கையேடு தரும் விடை எளிதானது. ஒரு சில மேதைகள் பிறந்தனர், மெடிச்சி குடும்பத்தார் போன்ற செல்வர் அவர்களுக்குப் பொருளுதவி செய்தனர், மறுமலர்ச்சி மலர்ந்தது. எமது வகுப்பறைகளில் ஐரோப்பிய மறுமலர்ச்சியைக் கற்பிக்கும்போதும் பெரும்பாலும் இதே விடையைத்தான் நாம் மாணவர்க்கு வழங்கி வருகிறோம். மேதைகளின் ஆற்றலை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் செல்வர் கொடுத்த பொருள் அவர்களிடம் எங்கிருந்து வந்தது என்ற வினாவைக் கேளாது விடுவது வரலாற்றாசிரியனுக்கும் வரலாற்று மாணவனுக்கும் அழகன்று. ஆகவே, பயணிகள் செல்லும் அதே வழியிற் சென்று, இந்த ஒரு வினாவை மட்டும் இடந்தோறும் எழுப்பிப் பார்ப்போம்.

முதலிற் பேராலயம். சாந்த மரியா தெல் பியோரே என வழங்கும் இவ்வாலயத்தின் பணி 1296 இல், ஆர்னோல்போ டி காம்பியோ என்ற சிற்பாசாரியின் திட்டப்படி தொடங்கியது. அதற்கான நிதியை நகரவை எவ்வாறு திரட்டியது என்பதை அக்காலத்துக்கு அணித்தாய் வாழ்ந்த ஜொவான்னி வில்லானி தமது வரலாற்றிற் பதிந்துள்ளார். நகரக் கருவூலத்திலிருந்து வழங்கப்படும் ஒவ்வொரு லீராவிலிருந்தும் நான்கு தினாரி கழிக்கப்பட்டது. அத்தோடு, ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு இரண்டு சோல்டி தலைவரி செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. தலைவரியின் இயல்பு யாவரும் அறிந்ததே. மாளிகையில் வாழ்பவனுக்கும் அன்றாடங் காய்ச்சிக்கும் அது ஒரே தொகை. எனவே, இன்று நுழைவுச் சீட்டு வாங்கிக் குவிமாடத்தில் ஏறும் பயணி காணும் கட்டடம், தொடக்கத்திலேயே ஏழைகளின் காசையும் ஏற்றுக்கொண்டு எழுந்த கட்டடமாகும்.

1331 இல் இவ்வாலயப் பணியின் முழுப் பொறுப்பும் கம்பளித் தொழிற்கணத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிற்கணம் என நாம் ஈண்டுக் குறிப்பது, ஒரே தொழிலையோ வாணிபத்தையோ செய்வோர் கூடி அமைத்த, சட்ட அதிகாரம் பெற்ற அமைப்பை. புளோரன்சில் ஏழு பெருங் கணங்களும் பதினான்கு சிறு கணங்களுமாக மொத்தம் இருபத்தொரு கணங்கள் இருந்தன. கணமொன்றில் உறுப்பினராகாதவருக்கு அரச பதவி எதுவும் கிட்டாது. கவிஞர் தாந்தே கூட மருத்துவர், மருந்து வணிகர் கணத்திற் பெயரைப் பதிந்துகொண்டே அரசியலிற் புகுந்தார். இக்கணங்களுள் செல்வாக்கால் முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று கம்பளிக் கணம். கொடி தாங்கிய செம்மறி ஆடு அதன் சின்னம். அச்சின்னம் பொறித்த அதன் மாளிகை இன்றும் நகர நடுவில் நிற்கிறது.

ஓர் ஆலயத்தைக் கட்டுமளவுக்குக் கம்பளியில் என்ன செல்வம் இருந்தது? வில்லானி 1338 ஆம் ஆண்டையொட்டித் தரும் கணக்கு இதற்கு விடை கூறும். நகர மக்கள் ஏறத்தாழ 90,000 பேர். கம்பளி நெசவு நடத்திய தொழிற்சாலைகள் இருநூறு அல்லது அதற்கு மேல். ஆண்டுதோறும் அவற்றில் உருவான துணி 70,000 முதல் 80,000 பாளங்கள். அவற்றின் பெறுமதி பன்னிரண்டு இலட்சம் பொற்காசுகள். இத்தொழிலால் வயிறு வளர்த்தோர் 30,000 பேருக்கு மேல். அதாவது நகரில் மூவருள் ஒருவர் கம்பளியை நம்பி வாழ்ந்தார். இதே கணக்கில் வில்லானி, எழுத்தறியப் பயிலும் சிறுவர் சிறுமியர் எண்ணாயிரம் முதல் பதினாயிரம் வரை எனவும் குறிப்பிடுகிறார். மறுமலர்ச்சிக்கு வேண்டிய கல்வித்தளமும் இவ்வாணிபச் செழிப்பின் மீதே எழுந்தது என்பது இதனாற் புலனாகும்.

கம்பளித்துணி உருவாகும் முறையை நோக்கினால் அக்காலத்துச் சமுதாய உறவுகள் தெளிவாகும். சிறந்த உரோமம் நெடுங்காலம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதை வாங்கும் வணிகனே தொழிலதிபன். உரோமம் அவனுடைய கூடத்தில் கழுவப்பட்டு, தடியால் அடிக்கப்பட்டு, இரும்புப் பற்கள் கொண்ட சீப்புகளாற் சிக்கெடுத்துச் சீவப்பட்டது. எண்ணெயும் அழுக்கும் படிந்த இவ்வேலைகளை நாட்கூலிகள் செய்தனர். பின்னர் அது நாட்டுப்புறப் பெண்களிடம் நூற்கக் கொடுக்கப்பட்டது. நூல் நெசவாளரின் வீடுகளுக்குச் சென்றது. துணி சாயக்காரரிடமும், அதை நனைத்து இறுக்குவோரிடமும், மயிர் கத்தரித்து மெருகிடுவோரிடமும் கைமாறியது. இருபதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து துணி நிறைவுறும். ஆனால் முதற் படியிலிருந்து இறுதிப் படிவரை அதன் உடைமையாளன் வணிகன் ஒருவனே. செய்தவர் எவருக்கும் செய்பொருளில் உரிமையில்லை. ஆலைப் பொறிகள் தோன்றுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே முதலாளித்துவ உற்பத்தியின் சாயலை நாம் இங்கே காண்கிறோம். இத்தாலியிலேயே முதலாளித்துவ உற்பத்தி முதன்முதல் வளரத் தொடங்கியது என மார்க்ஸ் குறிப்பிட்டதும், உலகின் முதலாவது முதலாளித்துவ நாடு இத்தாலியே என 1893 இல் எங்கெல்ஸ் எழுதியதும் இதனாலேயே.

கூலி வழங்கப்பட்ட நாணயத்தையும் கவனித்தல் வேண்டும். 1252 முதல் புளோரன்ஸ் வார்த்த பொற்காசாகிய புளோரின் ஐரோப்பா எங்கும் மதிப்புப் பெற்றது. வணிகர் துணியைப் பொன்னுக்கு விற்றனர். தொழிலாளிக்கோ வெள்ளி குறைந்த சில்லறைக் காசிலேயே கூலி அளந்தனர். தொடக்கத்தில் ஒரு புளோரின் இருபது சோல்டிக்குச் சமமாயிருந்தது; 1370களில் அறுபது சோல்டிக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. சில்லறைக் காசின் தரம் குறையக் குறைய, கூலியின் எண்ணிக்கை மாறாதிருந்தும் அதன் வாங்கும் ஆற்றல் தேய்ந்தது. வணிகனின் பொன்னோ தேயவில்லை. கூலியை வெளிப்படையாகக் குறைக்காமலே குறைக்கும் இந்த உபாயம் நமது காலத்திலும் வழக்கொழிந்ததன்று.

இத்தனை பேர் உழைத்த தொழிலில், கம்பளிக் கணத்தின் உறுப்பினர் யார்? வணிகர் மட்டுமே. உரோமம் அடிப்போர், சீவுவோர், கழுவுவோர் ஆகியோர் கணத்துக்கு அடங்கியோராகக் கருதப்பட்டனர், உறுப்பினராக அன்று. அவர்களை விசாரிக்கவும் தண்டிக்கவும் வதை செய்யவும் அதிகாரம் பெற்ற அதிகாரி ஒருவரைக் கணம் வெளியூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தது. அவர்கள் தமக்கென ஒரு கணத்தை அமைக்கலாகாது. ஒன்றுகூடுவதே குற்றம். பக்திச் சங்கம் என்ற பெயரிற் கூடினும் அரசு ஐயத்தோடு நோக்கியது. கம்பளிக் கணத்தின் மாளிகையை அடுத்து நிற்கும் ஓர்சான்மிக்கேலே ஆலயத்தின் புறச்சுவரிலே கணங்கள் தத்தம் காவற் புனிதரின் சிலைகளை மாடங்களில் நிறுவியுள்ளன. லினன் துணியாளருக்காகவும் படைக்கலம் செய்வோருக்காகவும் டொனாத்தெல்லோ சிலை வடித்தார். கம்பளிக் கணத்துக்காகக் கிபேர்ட்டி வெண்கலத்திற் புனித ஸ்தேவானை வார்த்தார். பயணிகள் வியந்து நோக்கும் அந்த மாடங்களுள் உரோமம் சீவியவர்களுக்கென ஒன்றுமில்லை. கணமில்லாதவர்க்கு மாடமுமில்லை.

1345 ஆம் ஆண்டில், சியூட்டோ பிராண்டினி என்ற உரோமம் சீவும் தொழிலாளி தம் தோழர்களைக் கூட்டி, நிதி சேர்த்து, ஒரு சங்கத்தை அமைக்க முயன்றார். மே மாதத்தில் ஓரிரவில் அவரும் அவருடைய புதல்வர் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஐரோப்பிய வரலாற்றில் நாம் பெயரோடு அறியக்கூடிய மிகப் பழைய வேலைநிறுத்தங்களுள் இது ஒன்று. பயன் விளையவில்லை, பிராண்டினி தூக்கிலிடப்பட்டார். பயணிகள் படம்பிடித்து மகிழும் பழைய பாலம், 1333 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்த பாலத்துக்குப் பதிலாகக் கட்டி முடிக்கப்பட்டதும் அதே 1345 இல் என்பர். பாலத்தின் ஆண்டைக் கையேடுகள் யாவும் தருகின்றன. பிராண்டினியின் பெயரோ ஆய்வு நூல்களுக்கு வெளியே அரிதாகவே காணப்படுகிறது.

மூன்றாண்டின் பின் வந்த கொள்ளைநோய் நகர மக்களிற் பாதிக்குக் குறையாதோரைக் கொன்றது. வரலாறெழுதிய வில்லானியும் அதற்கு இரையானார். ஆட்குறைவால் கூலி சிறிது காலம் உயர்ந்தது உண்மையே. ஆயினும் அந்நலம் நீடிக்கவில்லை. 1375 இல் புளோரன்ஸ் பாப்பரசரோடு போரில் இறங்கியது. பாப்பரசர் நகரின் மீது திருச்சபைத் தடையை விதித்தார். வெளிநாடுகளில் புளோரன்ஸ் வணிகர் துன்புற்றனர். வரியும் கட்டாயக் கடனும் பெருகின. கம்பளி உற்பத்தி சுருங்கியது. மேல்தட்டினரோ தமக்குள் பிளவுபட்டு நின்றனர். 1378 ஜூன் மாதத்தில் நீதிக்கொடி ஏந்தும் தலைவர் என்ற உயர்பதவியிலிருந்த சல்வெஸ்ட்ரோ தே மெடிச்சி, எதிர்க்கட்சியினரான பெருங்குடியினரை ஒடுக்கும் பழைய சட்டங்களைப் புதுப்பிக்க முற்பட்டார். அதற்குச் சார்பாக வீதியில் இறக்கப்பட்ட ஏழைகள், தம் வலிமையைத் தாமே முதன்முறையாக உணர்ந்தனர். தம் பகையைத் தீர்க்க மக்களை அழைத்தவர்கள், வேலை முடிந்ததும் அவர்கள் வீடு திரும்பிவிடுவர் என எண்ணினர். அவர்கள் திரும்பவில்லை.

சியோம்பி என்பது இத்தொழிலாளர்க்கு வழங்கிய பெயர். ஜூலை நடுப்பகுதியில் அவர்கள் இரகசியமாகக் கூடித் திட்டமிட்டனர். செய்தி கசிந்தது; அவர்களுள் ஒருவர் ஆட்சி மாளிகையில் வதைக்கப்பட்டார். அவ்வேளை மாளிகைக் கடிகாரத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டு வீட்டுக்கோடித் தம் பகுதியினரை எழுப்பினார் என மாக்கியவெல்லி எழுதுகிறார். ஆலய மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. ஜூலை 20 இல் எழுந்த கூட்டம் மறுநாள் நீதி அதிகாரியின் மாளிகையைக் கைப்பற்றியது. இன்று பார்ஜெல்லோ என்ற பெயரில் சிற்பக் காட்சிச்சாலையாக விளங்கும் கட்டடம் அதுவே. பணக்காரர் சிலரின் வீடுகள் எரிக்கப்பட்டன. நூட்டோ என்ற காவலதிகாரி கொடிய முறையிற் கொல்லப்பட்டார். வன்முறை நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் அவர்கள் எரித்தார்களேயன்றிக் கொள்ளையிடவில்லை என்பதையும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

ஜூலை 22 இல் ஆட்சி மாளிகையின் கதவு திறந்தது. நீதிக் கொடியைக் கையிலேந்தி, வெறுங்காலோடும் கிழிந்த உடையோடும் முன்னே சென்றவர் மிக்கேலே டி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளி. கூட்டத்தின் ஆரவாரத்தாலேயே அவர் நகரின் உயர்தலைவராக்கப்பட்டார். இன்று பயணிகள் தாவீது சிலையின் பிரதியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சதுக்கத்தில், அன்று நின்றிருந்தோர் உரோமம் அடிப்போரும் சீவுவோருமாவர்.

அவர்கள் கேட்டவை யாவை? கூலிகளை வதைத்த வெளியூர் அதிகாரியின் பதவி ஒழிக்கப்படல் வேண்டும். சிறு கடன்களுக்காக ஈராண்டுக்கு எவரையும் நெருக்கலாகாது. அரசுக்குக் கடன் கொடுத்த செல்வர்க்கு வட்டி வழங்குவதை நிறுத்தி முதலை மட்டும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கட்டாயக் கடனுக்குப் பதிலாகச் சொத்துக்கேற்ற வரி விதித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தமக்கெனக் கணங்கள் வேண்டும். இவற்றை ஒருங்கே நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். அரசின் கடனுக்கான வட்டி நுகர்பொருள் வரியிலிருந்தே கொடுபட்டது. அதாவது ஏழையின் உப்பிலும் மாவிலும் திராட்சை மதுவிலும் தண்டிய பணம் செல்வரின் பையில் வட்டியாக விழுந்தது. எழுத்தறியாத கூலிகள் எனப்பட்டோர் அரச நிதியின் இச்சூட்சுமத்தைத் தெளிவாக அறிந்திருந்தனர்.

புதிய ஆட்சி மூன்று கணங்களை ஏற்படுத்தியது: சாயக்காரர்க்கு ஒன்று, அங்கி தைப்போர்க்கு ஒன்று, சியோம்பிகளுக்கு ஒன்று. இம்மூன்றிலும் ஏறத்தாழ 13,000 பேர் சேர்ந்தனர் எனவும், அவர்களுள் 9,000 பேர் சியோம்பிகள் எனவும் கணிக்கப்படுகிறது. நகரத்தின் அரச பதவிகளில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. ஐரோப்பிய நகரமொன்றில் கூலித்தொழிலாளர் சட்டப்படி ஆட்சியில் அமர்ந்தது முன்னர் நிகழாத ஒன்று.

ஆயினும் பழைய உலகின் கற்பனையிலிருந்து அவர்கள் முற்றாக விடுபடவில்லை. எழுச்சியின் முதல் நாளிலேயே அறுபதுக்கு மேற்பட்டோருக்கு அவர்கள் வீரர் பட்டம் சூட்டினர். பட்டம் பெற்றவருள் சல்வெஸ்ட்ரோ தே மெடிச்சியும் ஒருவர். மிக்கேலே, பழைய பாலத்துக் கடைகளின் வாடகை வருவாயைச் சல்வெஸ்ட்ரோவுக்கு வழங்கினார் எனவும், தமக்கு எம்பொலி என்ற ஊரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார் எனவும் மாக்கியவெல்லி கூறுகிறார். வெறுங்காலோடு மாளிகைக்குள் நுழைந்தவர் சில நாள்களிலேயே மாளிகையின் கண்கொண்டு நகரத்தை நோக்கத் தொடங்கிவிட்டார்.

வணிகர் இப்போது தம் வலிமையான படைக்கலத்தை எடுத்தனர். தொழிற்கூடங்களை மூடினர். உரோமமும் சந்தையும் பொன்னும் அவர்கள் கையிலேயே இருந்தன. ஆட்சி தொழிலாளரிடம், உற்பத்தி முதலாளியிடம் என்ற இந்நிலையில், வாரங்கள் கழியக் கழியப் பசி பெருகியது. ஆகஸ்ட் இறுதியில் சியோம்பிகள் சாந்த மரியா நொவெல்லா ஆலயத்தருகே கூடி, எண்மரைத் தம் பிரதிநிதிகளாகத் தேர்ந்து, ஆட்சியை வற்புறுத்தத் தூது அனுப்பினர். இன்று புகையிரதத்தில் வந்திறங்கும் பயணி நிலையத்தை விட்டு வெளியேறியதும் முதலிற் காண்பது இவ்வாலயத்தையே. தூதுவரை மிக்கேலே வாளால் தாக்கிச் சிறையிலிட்டார். ஆகஸ்ட் 31 இல் ஆட்சி மாளிகைச் சதுக்கத்தில் ஏனைய கணத்தார் சியோம்பிகளைத் தாக்கிச் சிதறடித்தனர். சாயக்காரர், அங்கி தைப்போர் கணங்கள் தப்பின. சியோம்பிகளின் கணம் மட்டும் கலைக்கப்பட்டது. ஆறு வார ஆட்சி முடிந்தது.

இத்தோல்வியைத் தனிமனிதர் ஒருவரின் துரோகத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. கைத்தொழிலாளருள் சிறு உடைமை படைத்தோர், உடைமையேதும் இல்லாத நாட்கூலிகளோடு நெடுந்தூரம் செல்ல விரும்பவில்லை. தமக்குரிய கணம் கிடைத்ததும் அவர்கள் மனநிறைவு கொண்டனர். நூல் நூற்ற நாட்டுப்புறப் பெண்களையும் சுற்றுப்புறக் குடியானவரையும் சியோம்பிகள் தம்மோடு இணைக்கவில்லை. கணமுறையை ஒழிக்க அவர்கள் எண்ணவுமில்லை. அதற்குள் தமக்கும் ஓரிடத்தையே வேண்டினர். எனவே அவர்களை இக்காலப் பாட்டாளி வர்க்கத்தோடு அப்படியே ஒப்பிடுவது மிகையாகும். அதே வேளையில், பசித்த கும்பலின் வெறியாட்டம் எனப் பழைய வரலாற்றாசிரியர் சிலர் கூறிச் சென்றதும் உண்மைக்குப் புறம்பானது. வரியையும் கடனையும் நாணயத்தையும் ஆராய்ந்து கோரிக்கை வகுத்தோரைக் கும்பல் என்று கூறல் எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்து மாக்கியவெல்லியின் வரலாற்று நூல் குறிப்பிடத்தக்கது. மெடிச்சி குடும்பத்தவரின் கட்டளையால் எழுதப்பெற்று 1525 இல் அவர்களிடமே கையளிக்கப்பட்ட அந்நூலில், பெயர் கூறப்படாத தொழிலாளி ஒருவர் தம் தோழரிடம் பேசுவதாக ஓர் உரை அமைந்திருக்கிறது. மனிதரைப் பிரிப்பது உடையும் உடைமையுமே, பிறப்பன்று என்பது அவ்வுரையின் சாரம். மாக்கியவெல்லி சியோம்பிகளின் நண்பரல்லர். ஆயினும் அவருடைய கூர்மதி, தாம் வெறுத்தோரின் வாதத்தை முழு வலிமையோடும் எடுத்துரைக்கச் செய்தது. நமது நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, 1934 இல், பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் இவ்வெழுச்சி பற்றிக் கட்டுரை எழுதி, அந்நூற் பகுதியைப் புதிய வாசகரிடம் கொண்டு சென்றார்.

1382 இல் எஞ்சிய புதிய கணங்களும் ஒழிக்கப்பட்டன. தம் வாளால் பழைய ஒழுங்கைக் காத்த மிக்கேலேயும் நாடு கடத்தப்பட்டார். செல்வர் குடும்பங்களின் ஆட்சி உறுதிப்பட்டது. மறுமலர்ச்சியின் பொற்காலம் என நாம் கற்பிக்கும் காலம் இதன் பின்னரே தொடங்குகிறது. பேராலயத்தின் குவிமாடத்தைப் புருனெலெஸ்கி 1420 இல் எழுப்பத் தொடங்கினார். கீழிருந்து தாங்கும் மரச்சாரம் இன்றி, ஏறத்தாழ 45 மீற்றர் அகலத்துக்கு, நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்களால் அது எழுந்தது. 1436 இல் ஆலயம் அருச்சிக்கப்பட்டது. மனித அறிவின் மாபெரும் வெற்றிகளுள் அது ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. அதன் மறுபக்கத்தை வசாரி தாமே கூறுகிறார். கொத்தர்கள் கூடுதற் கூலி கேட்டு வேலையை நிறுத்தியபோது, புருனெலெஸ்கி லொம்பார்டிப் பகுதியினரான பத்துப் பேரை அழைத்துப் பழக்கினார். பின்னர் பழைய கொத்தர்களை முன்னையிலும் குறைந்த கூலிக்கே திரும்ப ஏற்றார். வசாரி இதனைத் தம் நாயகரின் சாமர்த்தியத்துக்குச் சான்றாகவே எடுத்துரைக்கிறார். நாம் அதை வேறு வகையிற் படிக்க வேண்டியவர்களாயுள்ளோம்.

அதே புருனெலெஸ்கி 1419 இல் வரைந்த இன்னொரு கட்டடம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இன்னோசென்தி இல்லம். அதன் வளைவுத் தாழ்வாரத்தின் எழிலைக் கட்டடக்கலை மாணவர் யாவரும் அறிவர். பட்டுத் தொழிற்கணத்தின் பொருளால் எழுந்த அவ்வில்லம் 1445 இல் முதற் குழந்தையை ஏற்றது. அது ஒரு பெண்குழந்தை. அங்கு விடப்பட்ட குழந்தைகளுட் பலர் செல்வர் வீடுகளின் அடிமைப் பெண்கள் ஈன்றவர்கள். கொள்ளைநோயின் பின் வேலையாள் கிடைப்பது அரிதானபோது, கிறித்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய 1363 இல் நகர அரசு அனுமதி அளித்திருந்தது. கருங்கடற் கரைகளிலிருந்து கொணரப்பட்ட பெண்கள் அவ்வீடுகளில் உழைத்தனர். மனிதனின் மாண்பைப் போற்றிய மானிடவாதம் வளர்ந்த இல்லங்களிலேயே விலைக்கு வாங்கிய மனிதரும் இருந்தனர் என்பது மறுமலர்ச்சியின் முரண்பாட்டை உணர்த்தும். 1427 இல் எடுக்கப்பட்ட வரிப்பதிவேடும் இதற்குத் துணை நிற்கும். அப்போது நகர மக்கள் ஏறத்தாழ 38,000 பேரே. நூற்றுக்கு ஒன்றாகிய மேற்குடும்பங்கள் நகரச் செல்வத்தில் நான்கிலொரு பங்குக்கு மேல் வைத்திருந்தன என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

மூன்றாம் நாள் பயணி கடைத்தெருவில் உலாவுகிறான். களைத்தவன் கோப்பி அருந்தும் குடியரசுச் சதுக்கத்தில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. நகரின் பழைய நடுப்பகுதி நூற்றாண்டுக் கால இழிநிலையிலிருந்து புதுவாழ்வு பெற்றது என்ற பெருமிதம் அதில் 1895 ஆம் ஆண்டோடு பொறிக்கப்பட்டுள்ளது. அந்த இழிநிலை எனப்பட்டது பழைய சந்தையும், யூதர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த குடியிருப்பும், ஏழைகளின் நெருக்கமான வீடுகளுமாகும். அவை இடிக்கப்பட்டன, அங்கு வாழ்ந்தோர் அகற்றப்பட்டனர், புதுவாழ்வு அவர்களைச் சேரவில்லை. சற்றுத் தொலைவிலுள்ள புதிய சந்தை மண்டபத்தில், பயணிகள் மூக்கைத் தடவிச் செல்லும் வெண்கலப் பன்றிக்கு அருகே, தூண்களின் மாடங்களில் நகரின் புகழ்பெற்றோர் சிலர் சிலையாக நிற்கின்றனர். வரலாறெழுதிய வில்லானி ஒருவர். மிக்கேலே டி லாண்டோ இன்னொருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியில் தொழிலாளர் இயக்கம் தலையெடுத்த காலத்தில், எழுச்சியின் தலைவராகவும் எழுச்சியை அடக்கியவராகவும் இருந்த ஒருவர் சிலைக்கு உகந்தவரெனக் காணப்பட்டதில் வியப்பில்லை. சியோம்பிகளின் பெயரையும் ஒரு சதுக்கம் தாங்குகிறது. பழம்பொருட் சந்தை கூடும் இடமென்றே அது நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது.

இன்று கம்பளியின் இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது. பழைய நகரின் வீடுகள் பல, குடும்பங்கள் வாழும் இல்லங்களாகவன்றிப் பயணிகள் இரண்டு மூன்று இரவு தங்கும் அறைகளாக மாறியுள்ளன. வாடகை உயர, நகரத்தில் உழைப்போர் நகருக்கு வெளியே குடிபெயர்கின்றனர். இதனைத் தடுக்கும் பொருட்டு, பழைய பகுதியில் வீடுகளைப் புதிதாகக் குறுங்கால வாடகைக்கு விடுவதைத் தடைசெய்ய 2023 இல் மாநகர சபை தீர்மானித்தது. நகரத்தை ஆக்குவோர்க்கு அந்நகரில் இடமுண்டா என்ற 1378 ஆம் ஆண்டு வினா வேறு வடிவில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இவ்வளவும் கூறியதால் புளோரன்சின் கலையைப் புறக்கணிக்குமாறு நாம் கேட்கவில்லை. அக்கலையைச் செல்வரின் கொடையெனக் கருதி வணங்குவோரும், சுரண்டலின் சின்னமெனக் கருதி வெறுப்போரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருசாராரும் அதனை உடையவர்க்கே உரிமையாக்கி விடுகின்றனர். உரோமம் சீவியவரின் கையும், நூல் நூற்றவளின் விரலும், செங்கல் சுமந்தவரின் தோளும் அக்குவிமாடத்தில் உண்டு. எனவே அது அவர்களின் உடைமை. அவர்கள் வழிவந்த உழைக்கும் மக்கள் அனைவரின் மரபுரிமை. மறுமலர்ச்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் டொனாத்தெல்லோவின் பெயரைச் சொல்லும் அதே பாடத்தில் சியூட்டோ பிராண்டினியின் பெயரையும் சொல்வாராயின், மாணவர் எந்த நகரத்துக்குச் சென்றாலும் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் கேட்க வேண்டிய வினாவைக் கற்றவராவர். அவ்வினாவைக் கேட்கப் புளோரன்சுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை.